பனலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



சென்ற இதழில் பாவித்த கார் வாங்கும்போது பார்க்கவேண்டிய விஷயங்களை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த இடத்தில் கேட்டார். ஒரு அக்கா மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, கார் நல்லாத்தான் ஓடுது. ஆனால் உள்ளுக்குள்ள கதவு மட்டை கழண்டு கடகடவெண்டு ஆடுது. கராச்சில கேட்டால் கழட்டிப் பூட்டவே ரெண்டு மணித்தியாலக் கூலி எண்டுறாங்கள். நாங்களே செய்யேலாதோ?"

செய்யலாம். ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு தொடவேண்டும். தெரியாமல் தொட்டு நான் பட்ட பாட்டையும் சேர்த்தே இந்த முறை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் படித்த மெக்கானிக் இல்லை. வன்னியில் ஓ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுபோனது. 2010 இல் கனடா வந்தேன். ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பக்ரரியில் பின்னேரச் சிப்ற்றில் வேலை செய்கிறேன். எங்கள் லைனில் வருவது கார்க்கதவின் உட்பனல். அச்சில் வார்த்த பனல் சூடு ஆறி வரும். அதன் முதுகுப் பக்கத்தில் உள்ள சின்னக் கூடுகளில் கிளிப்புகளைச் செருகி, சத்தம் அடக்கும் பஞ்சை ஒட்டி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. இத்தனை வருடம் கிளிப் செருகியவன், பூட்டிய பனல் ஒன்றைக் கழற்றிப் பார்த்ததில்லை. அதைச் செய்யவைத்தது என் சொந்தக் கார்தான்.

எங்கள் பழைய மற்றிக்ஸ்

எங்களிடம் உள்ளது 2005 ஆம் ஆண்டு ரொயோட்டா மற்றிக்ஸ். ஹச்பாக் என்று சொல்வார்கள். டிக்கி தனியாக இல்லாமல், பின்பக்கம் முழுவதும் ஒரு கதவாக மேல்நோக்கித் திறக்கும். அரிசி மூட்டை, பிள்ளையின் வண்டில், வீடு மாறும்போது மெத்தை எல்லாம் ஏற்றலாம் என்றுதான் இதை வாங்கினோம்.

இந்தக் கார் கடல் கடந்து வந்ததல்ல. ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் கேம்பிறிட்ஜ் என்ற நகரம் வரும். அங்கேயுள்ள ரொயோட்டா தொழிற்சாலை 1988 இல் கொறோலா கார் செய்யத் தொடங்கியது. மற்றிக்ஸ் பிறந்ததும் அங்கேதான். 2003 மொடலில் தொடங்கி 2014 மொடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அப்பாட்மென்ற்றின் கீழ்த்தளக் கார்த் தரிப்பிடத்தில் ஒரு சுற்றுப் போனால் இன்னும் இரண்டு மூன்று கண்ணில் படும்.

உங்கள் கார் எங்கே செய்தது என்று அறிய ஒரு வழி உண்டு. சாரதி பக்கத்தில், முன்கண்ணாடியின் கீழ் மூலையில் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரி தெரியும். அது 2 இல் தொடங்கினால் கனடாவில் செய்தது. 1, 4, 5 இல் தொடங்கினால் அமெரிக்கா. ஆங்கில ஜே எழுத்தில் தொடங்கினால் யப்பான். இந்த 17 ஐயும் ஒரு துண்டில் எழுதிப் பேர்ஸில் வையுங்கள். சரியான கிளிப் வாங்க உதவும். கடைசியில் சொல்லப்போகும் ஒரு முக்கியமான காரியத்துக்கும் வேண்டும்.

மகள் சொன்னதைக் கேட்கவில்லை

காரை வாங்கியது ஒரு தனி ஆளிடம். பாதுகாப்புச் சான்றிதழோடு தந்தார். அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதையும், அது காரின் பெயரை மாற்றுவதற்கான பத்திரமே தவிர உத்தரவாதம் இல்லை என்பதையும் சென்ற இதழில் எழுதியிருக்கிறேன். இஞ்சின் நல்லது. பிறேக் நல்லது. பின் சீற்றுக்கு வலப்பக்கத்தில், யன்னலுக்குக் கீழே இருந்த பெரிய பனல் மட்டும் கொஞ்சம் உள்ளே அமுங்கி, ஒரு திருகாணி வெளியே தெரிய இருந்தது. "பழைய கார்தானே, அழகுக்கா வாங்கினோம்" என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்ராறியோவில் எட்டு வயதுக்குக் குறைந்த, 145 சென்ரிமீற்றரைவிட உயரம் குறைந்த, 18 முதல் 36 கிலோ வரையுள்ள பிள்ளையைப் பூஸ்ரர் சீற்றில் இருத்தவேண்டும் என்பது சட்டம். பூஸ்ரர் சீற் பிள்ளையைப் பிடித்துவைத்திருப்பதில்லை. உயர்த்தி மட்டுமே வைக்கும். பிடிப்பது காரின் பெல்ற்தான். அது தோளிலும் இடுப்பிலும் இறுகப் படிந்தால்தான் பிரயோசனம்.

ஒருநாள் மகள் சொன்னாள்: "அப்பா, பெல்ற் என்னைப் பிடிக்குதில்லை."

"விளையாடாமல் ஒழுங்காய் இரு பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். சிப்ற் முடிந்து வந்த அலுப்பு. இரண்டு மூன்று தரம் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மனைவி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "காரை ஓரங்கட்டுங்கோ" என்றாள். பிள்ளையின் கழுத்திலிருந்து பெல்ற் பூமாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் குனிந்தபோது இழுபட்டு வந்த பெல்ற், நிமிர்ந்தபோது உள்ளே போகவில்லை. நான் கையால் இழுத்துப் பார்த்தேன். வெளியே வந்தது. விட்டேன். அப்படியே நின்றது. இந்த நிலையில் எத்தனை நாள் 401 இல் பிள்ளையை ஏற்றி ஓடியிருக்கிறேன் என்று எண்ணியபோது கை நடுங்கியது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்களாவது பிள்ளை சொன்னால் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அன்றே பிள்ளையின் சீற்றை இடப்பக்கத்துக்கு மாற்றினோம். அடுத்த கிழமை ஒரு கராச்சில் காட்டினேன். பனலைக் கழற்றாமலே, பெல்ற்றை முழுதாக மாற்றவேண்டும், நானூறு டொலருக்கு மேல் வரும் என்றார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அண்ணை இருக்கிறார். எண்பதுகளில் வந்தவர். முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வெடுத்தவர். அவரிடம் சொன்னேன்.

"பெல்ற் பழுதெண்டு ஆர் சொன்னது? பனலைக் கழட்டிப் பார்த்தவங்களோ? முதல்ல பார்க்கவேணும், பிறகுதான் மாத்தவேணும். சனிக்கிழமை காரைக் கொண்டு வாரும்" என்றார்.

அவருடைய வீட்டு முற்றத்தில் கழற்றினோம். பழைய உரிமையாளர் ஏதோ தேவைக்கு அந்தப் பனலைக் கழற்றியிருக்கிறார். கிளிப்புகள் உடைந்துபோக, புதுக்கிளிப் வாங்காமல், மரத்துக்கு அடிக்கும் நீளத் திருகாணி ஒன்றைப் பனலூடாகத் தகரத்தில் ஏற்றியிருக்கிறார். அந்த இறுக்கத்தில் பனல் ஒரு விரல் அளவு உள்ளே வளைந்து, பெல்ற் வெளியே வரும் வாய் ஒடுங்கிவிட்டது. பெல்ற்றின் விளிம்பு அதில் உரசி நின்றது. பெல்ற்றைச் சுருட்டும் பெட்டி அந்தப் பனலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. திருகாணியின் முனை அந்தப் பெட்டிக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி ஏற்றியிருந்தால் பெட்டிக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

அண்ணை பெல்ற்றை முழுநீளத்துக்கும் இழுத்து, நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. விட்டார். சர்ரென்று உள்ளே போனது. ஆறு கிளிப் வாங்கிப் பனலை அதனிடத்தில் பூட்டினோம். செலவு பத்து டொலருக்குள்.

பனலை நாங்கள் எல்லோரும் மூடி என்றுதான் நினைக்கிறோம். பெல்ற்றுக்கு வழிவிடுவதும், மழைத்தண்ணியைத் தடுப்பதும், எயர்பாக் விரிய இடம் கொடுப்பதும் பனல்களோடு சேர்ந்த வேலைகள். அதனால்தான் பனலைக் கழற்றியபடியே திரும்பப் பூட்டவேண்டும். இனிச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

முதலாவது, சூடு. குளிரில் பிளாஸ்ரிக் அப்பளம் மாதிரி. பாகை பூச்சியத்துக்குக் கீழே போனால் கிளிப்பும் உடையும், கிளிப் இருக்கும் கூடும் உடையும். கிளிப் வாங்கலாம், கூடு பனலோடு சேர்ந்தது, வாங்க முடியாது. வைகாசி முதல் புரட்டாதி வரை நல்ல காலம். குளிர்காலத்தில் செய்தே ஆகவேண்டும் என்றால் வெளியே திறந்த இடத்தில் காரை நிறுத்தி, ஹீற்றரை அரை மணித்தியாலம் போட்டு உள்ளே சூடாக்குங்கள். மூடிய கராச்சுக்குள் இஞ்சினை ஓடவிடக்கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். அப்பாட்மென்ற் தரிப்பிடங்களில் கார் திருத்த விடமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவரின் வீட்டு முற்றத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது, பற்றரி. சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் கறுப்பு வயரை, அதாவது கழித்தல் குறிப் பக்கத்தைக் கழற்றுங்கள். ரொயோட்டாவின் திருத்தல் புத்தகம் அதன் பிறகு 90 வினாடி பொறுக்கச் சொல்கிறது. எயர்பாக்கை வெடிக்கவைக்கும் மின்சாரம் பற்றரி கழற்றிய பின்னும் கொஞ்ச நேரம் உள்ளே தங்கியிருக்கும். நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்குவோம். உள்ளே மஞ்சள் நிறத்தில் வயர் அல்லது வயர்த் தலை தெரிந்தால் பெரும்பாலும் அது எயர்பாக்குடையது. அதைக் கழற்றவோ, கொழுவி இழுக்கவோ வேண்டாம்.

மூன்றாவது, சாமான்கள். பனல் கிளப்பும் பிளாஸ்ரிக் தகடுகள் ஒரு கட்டாக உதிரிப்பாகக் கடைகளில் விற்கிறார்கள். இல்லாவிட்டால் சுவருக்குப் பூசும் அகலத் தகட்டில் துணி ரேப் சுற்றிப் பாவிக்கலாம். ஸ்குறூட்றைவரை நெம்பப் பாவிக்காதீர்கள். அது பனலைக் குத்தும், தகரத்தின் மையைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் றோட்டு உப்புப் பட்டால் ஒரே குளிர்காலத்தில் துரு. கழற்றும் திருகாணிகளைப் போட எங்கள் வீட்டுப் பழைய இட்டலித் தட்டை எடுத்து வந்தேன். அண்ணை சிரித்தார், பிறகு தானும் அதையே கேட்டு வாங்கினார். கைப்பிடித் திருகாணி ஒரு குழியில், மூலைத் திருகாணி ஒரு குழியில். திரும்பப் பூட்டும்போது ஒன்றும் மாறாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கதவுப் பனல்

கதவுப் பனலைப் பிடித்திருப்பது இரண்டு வகைப் பிடி. நடுவில் சில திருகாணிகள், ஓரத்தைச் சுற்றிக் கிளிப்புகள். திருகாணிகள் ஒளிந்திருக்கும். உள்ளே இருந்து கதவு திறக்கும் பிடிக்குப் பின்னால் ஒன்று, கையால் இழுத்து மூடும் குழிக்குள் ஒன்றோ இரண்டோ இருப்பது வழமை. சில கார்களில் அதன்மேல் நகத்தளவு மூடி ஒன்று இருக்கும். முன்கதவில் வெளிக் கண்ணாடிக்கு உட்பக்கம் உள்ள முக்கோண மூடியையும் எடுக்கவேண்டி வரும். யன்னல் ஏற்றி இறக்கும் சுவிச் தட்டை மெல்லக் கிளப்பி, அடியில் உள்ள வயர்த் தலையின் நாக்கை அமுக்கிக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது.

திருகாணி எல்லாம் வந்தபின் பனலின் கீழ் மூலையில் தகட்டை நுழைத்து, கிளிப்புக்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு கிட்ட வைத்து நெம்புங்கள். டக் என்று ஒவ்வொன்றாகக் கழலும். ஓரம் முழுவதும் கழன்றபின் பனலை உங்களை நோக்கி இழுக்காமல் நேரே மேலே தூக்குங்கள். மேல்விளிம்பு யன்னல் ஓரத்தில் கொழுவியிருக்கிறது. வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கேயோ ஒரு திருகாணி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பனலுக்குப் பின்னால் கதவில் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். அதை யாரும் மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை. காரை வாங்கிய முதல் குளிர்காலம், தை மாதத்தில், யன்னல் சிக்கியது என்று நானே இடப்பக்கப் பின்கதவுப் பனலைக் கழற்றினேன். கிளிப் நாலு உடைந்தது. தாளைக் கிழித்து எறிந்துவிட்டேன், பெட்டியில் வந்த பொதித்தாள் என்று நினைத்து. இலைதுளிர் காலத்து மழையில் பின் சீற்றுக்குக் கீழே கம்பளம் ஊறியது. பூஞ்சண மணம். மகளுக்கு இருமல், இழுப்பு. கூரை ஒழுகுகிறது என்று இரண்டு மாதம் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். மழைத்தண்ணி யன்னல் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள்ளே இறங்குவது இயல்பு. எல்லாக் காரிலும் இறங்கும். கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகளால் அது வெளியே போய்விடும். அந்தத் தாள்தான் தண்ணி பனல் பக்கம் வராமல் தடுத்துக் கீழே அனுப்புகிறது. தாள் கிழிந்தால் தண்ணி காருக்குள் வரும். ஆகவே அதைக் கழற்றும்போது கறுப்புப் பசையை ஒரு மெல்லிய கத்தியால் மெதுவாக வெட்டிப் பிரியுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் ரேப் என்று கேட்டு வாங்கித் திரும்ப ஒட்டுங்கள். தாளே இல்லையென்றால் கனமான பிளாஸ்ரிக் தாளை அளவாக வெட்டிப் போடலாம். தாளின் கீழ்விளிம்பு முன்பு எப்படிக் கதவுக்குள் போய் நின்றதோ அப்படியே நிற்கவேண்டும். கதவின் அடி ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்கால் குத்தி எடுங்கள்.

பின்கதவும் பக்கப் பனலும்

ஹச்பாக்கின் பின்கதவுப் பனல் பெரும்பாலும் சுற்றிவரக் கிளிப்பில் நிற்கும். பனலைக் கழற்றியபின், கூரையிலிருந்து பின்கதவுக்குப் போகும் றப்பர் குழாயைக் கவனியுங்கள். பின் துடைப்பான், இலக்கத்தகட்டு விளக்கு, பூட்டு ஆகியவற்றின் வயர் எல்லாம் அதற்குள்ளால் போகிறது. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி வருடக்கணக்கில் அந்த வயர்கள் வளைந்து வெடிக்கும். பின் துடைப்பான் வேலை செய்யாவிட்டால் மோட்டர் வாங்குமுன் இதைப் பாருங்கள்.

பின் சீற்றுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய பனலைத் தனியாக உடனே கழற்ற முடியாது. பக்கத்துத் துண்டுகள் அதன் விளிம்பின்மேல் ஏறி நிற்கும். சீற்றை மடித்து, தரைப்பலகையை எடுத்து, கதவுப்படித் துண்டைக் கிளப்பி, கதவைச் சுற்றியுள்ள றப்பரை அந்த இடத்தில் மட்டும் இழுத்துவிட்டு, பிறகுதான் பெரிய பனல். திரும்பப் பூட்டுவது இதற்கு நேர் எதிரான ஒழுங்கில்.

பெல்ற் அந்தப் பனலில் உள்ள ஒரு வாய் வழியாக வருவதால், பெல்ற்றின் கீழ்ப் போல்ற்றைக் கழற்றாமல் பனல் முழுதாக வெளியே வராது. கழற்றாதீர்கள். பனலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். அந்தப் போல்ற்றை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. அளவு காட்டும் சாவி வைத்திருக்கும் மெக்கானிக்தான் அதைத் தொடவேண்டும்.

தொடவே கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரியறிங்கின் நடுமூடி. முன் சீற்றில் இருப்பவருக்கு எதிரே உள்ள டாஷ்போட். முன் பெல்ற்றுகளின் சுருள் பெட்டி. மோதும் கணத்தில் பெல்ற்றை இழுத்து இறுக்கச் சின்ன வெடிமருந்து பல கார்களில் அதற்குள் இருக்கிறது. கூரை ஓரத்தில் திரைபோல விரியும் எயர்பாக் உள்ள காரில் முன்கண்ணாடித் தூண் மூடியும் அப்படியே. அதற்கென்று தனிக் கிளிப் உண்டு. அந்த மூடியில் பசையோ திருகாணியோ போட்டால் எயர்பாக் விரிய வழியில்லாமல் போகும், அல்லது மூடி பறந்து முகத்தில் அடிக்கும்.

கிளிப்பும் பசையும்

கழற்றிய கிளிப்பைப் பாருங்கள். வளைந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தால் அது முடிந்தது. பனலில் நிற்காமல் தகரத்திலேயே தங்கிய கிளிப்புகளையும் குறட்டால் எடுத்துப் பனலின் கூட்டில் செருகவேண்டும். மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள். ஒரு மில்லிமீற்றர் மாறினாலும் ஒன்றில் ஆடும், அல்லது உடையும். பழைய கார்கள் கிடக்கும் யார்ட்டில் நீங்களே கழற்றி எடுத்தால் முழுப் பனலும் மலிவாகக் கிடைக்கும்.

கூடு உடைந்தால் பசைதான் வழி. ஆனால் எந்தப் பசை என்பதைப் பனலே சொல்லும். அதன் முதுகில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் பிளாஸ்ரிக்கின் பெயர் அச்சாகியிருக்கும். நாங்கள் நாள்முழுக்கப் பார்க்கிற எழுத்து அது. ஏ.பி.எஸ். என்று இருந்தால் அதிர்ஷ்டம். கனடாவில் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் பாவிக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக்கும் அதுதான். அந்தக் குழாய்க்கு விற்கும் ஏ.பி.எஸ். பசையை உட்பக்கத்தில் அளவாகப் பூசினால் இரண்டும் கரைந்து ஒன்றாகும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பி.பி. என்று தொடங்கினால் அது பொலிபுறப்பிலீன். சாதாரணப் பசை அதில் பிடிக்காது, இரண்டு நாளில் உரிந்து வரும். அதற்கென்றே விற்கும் பசை வேண்டும், அல்லது யார்ட்டுக்குப் போகவேண்டும்.

பூட்டும்போது

முதலில் எல்லா வயர்த் தலையையும், கதவுப் பிடியின் கம்பியையும் கொழுவுங்கள். பனலின் மேல்விளிம்பை யன்னல் ஓரத்தில் அமர்த்துங்கள். ஒவ்வொரு கிளிப்பும் அதனதன் ஓட்டைக்கு நேரே நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு உள்ளங்கையால் ஒரு அடி. டக் என்ற சத்தம் வரவேண்டும். மொத்தென்று கேட்டால் கிளிப் ஓட்டையில் இறங்கவில்லை. நிறுத்துங்கள். எங்கள் லைனில் புதிதாக வருபவர்களுக்குக் கண்ணைவிடக் காதைத்தான் முதலில் பழக்குவோம்.

முடிந்தபின் பற்றரியைக் கொழுவி இவற்றைப் பாருங்கள். யன்னல் ஏறி இறங்குகிறதா? கதவு உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறக்கிறதா? பெல்ற்றை முழுவதும் இழுத்து விட்டால் தானாக உள்ளே போகிறதா? சடாரென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா? சாவி போட்டதும் எரியும் எயர்பாக் விளக்கு சில வினாடியில் அணைகிறதா? அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள்.

கராச்சுக்குப் போனால்

எல்லாவற்றையும் நாங்களே செய்ய முடியாது. போகும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். கடைசிக் கணக்கு அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ, அதுவரை உத்தரவாதம் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக இந்த உரிமை குறைவதில்லை. "எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு வரி போதும்.

அந்த 17 எழுத்து

இதை மட்டுமாவது இந்த வாரமே செய்யுங்கள். தக்காட்டா என்ற யப்பான் நிறுவனம் பல கார்க் கொம்பனிகளுக்கு எயர்பாக் செய்து கொடுத்தது. அதிலுள்ள வெடிமருந்து பல வருட ஈரத்திலும் வெப்பத்திலும் பழுதாகி, விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உலகில் பலர் உயிரிழந்தார்கள். கார் வரலாற்றிலேயே மிகப்பெரிய திரும்பப் பெறுதல் அதனால் நடந்தது. 2017 இல் அந்த நிறுவனமே முறிந்தது. எங்கள் மற்றிக்ஸ் வகைக் கார்களும் அதில் அடக்கம். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ரொயோட்டா, திருத்தாமல் இன்னும் ஓடும் 2003, 2004 மொடல் கொறோலா, மற்றிக்ஸ் போன்ற கார்களை ஓட்டவே வேண்டாம் என்று அறிவித்தது.

கார்க் கொம்பனியின் விற்பனை நிலையத்துக்கு ஃபோன் எடுத்து, அந்த 17 எழுத்தையும் சொல்லி, திரும்பப் பெறும் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இலவசமாகச் செய்து தருவார்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது பிரச்சினையே இல்லை. எங்கள் காரில் முந்தியவர் அதைச் செய்து முடித்திருந்தார். திருகாணி ஏற்றியவரும் அவராகத்தான் இருக்கவேண்டும். மனிதரைக் குறை சொல்ல மனமில்லை. அவருக்கும் பனலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கனடாவில் முதன்முதலில் சீற் பெல்ற் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்த மாகாணம் எங்கள் ஒன்ராறியோதான், 1976 ஜனவரி 1 இல். ஊரில் மோட்டார் சைக்கிளில் நாலு பேர் போய்ப் பழகிய எங்களுக்கு முதலில் இது ஒரு தண்டக்காசுப் பயமாகத்தான் இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் கார் புறப்படுமுன் மகள்தான் பெல்ற்றை இழுத்து விட்டு, "அப்பா, பிடிக்குது" என்று சொல்வாள். சொல்லும்வரை நான் கியரைத் தொடுவதில்லை.

அடுத்த இதழில் குளிர்கால ரயர் வாங்குவது, பாவித்த ரயரின் வயதை அதன் பக்கத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து அறிவது பற்றி எழுதுகிறேன். உங்கள் காரில் ஏதாவது சந்தேகம் இருந்தால் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் அண்ணையிடம் கேட்டுச் சொல்கிறேன்.